தியத்தலாவைக்கு ஒரு விவாகரத்து

எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு முதலில் எழுத்து நடக்கும், பிறகு கலியாணம் நடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடமும் போகலாம், சீதன வீட்டுக்குக் கூரை போட்டு முடியும் வரை நாலைந்து வருடமும் போகலாம். எழுத்தன்று விவாகப் பதிவாளர் வீட்டுக்கு வருவார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கையெழுத்து வைப்பார்கள். பலகாரம் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போய்விடுவான். தாலி ஏறும் வரைக்கும் அவள் குமர்ப்பிள்ளைதான். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சட்டத்துக்கு மட்டும் இது விளங்காது.

இந்த விளங்காத்தனத்தால் நானும் என் மச்சாள் தக்சிகாவும் பட்டது நாய் படாத பாடு. யார் தலையில் இதைப் போட்டு அடிப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தால் ஒருவரிலும் பெரிய பிழை இல்லை. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் துசாந்தன். ஓட்டோ ஓடுகிறேன். செட்டிபாளையத்துக்கு அங்கால், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக இருக்கிற ஒடுங்கின ஊர் எங்களுடையது. தக்சிகா என் அப்பாவின் தங்கை சிவமணி மாமியின் ஒரே மகள். மாமா இல்லை, அவள் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் கடேற் குழுவில் சேர்ந்தவள், ஏ.எல். படிக்கும்போது பெண்கள் குழுவுக்கு சார்ஜன்டாக நின்றாள். மைதானத்தில் அவள் கட்டளை போட்டால் மதிலுக்கு வெளியே ஐஸ்கிறீம் விற்கிறவனும் ஒரு தரம் நிமிர்ந்து நிற்பான். ஏ.எல். சோதனை மறுமொழி வந்த கிழமை வீட்டில் வந்து சொன்னாள், தான் ராணுவத்தில் பயிலிளவல் அதிகாரியாகச் சேர விண்ணப்பிக்கப் போவதாக. ரீச்சர் வேலையும் வேண்டாமாம், பாங்க் வேலையும் வேண்டாமாம்.

வீடு செத்த வீடாகிவிட்டது. மாமிக்கு மூத்த அண்ணன் ஒருவர், எனக்குப் பெரியப்பா, தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் காணாமல் போனவர். அவரைத் தேடிப் பெட்டைப்பிள்ளை வயதில் மாமி ராணுவக் காம்புகளுக்கு அலைந்த அலைச்சலை எங்கள் குடும்பத்தில் பேசுவதில்லை. அன்றைக்கு மாமியே பேசினார்.

"அண்ணனைத் தேடி எத்தின காம்ப் வாசல்ல நிண்டன். இப்ப என்ட புள்ளய நானே கொண்டுபோய் அந்த வாசல்ல விடவா?"

தக்சிகா அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"நீங்க வாசல்ல நிண்டீங்க, அம்மா. உள்ளுக்கு உங்கட பாசை தெரிஞ்ச ஒரு ஆளும் இருக்கல்ல. நான் உள்ளுக்கு இருக்கப் போறன்."

பதில் இல்லாத தாய்மார் நிபந்தனை போடுவார்கள். ஊர் வாய்க்கு யார் மூடி போடுவது, அரைக் காற்சட்டையோடு கடற்கரையில் ஓடுகிறவளை நாளைக்கு யார் கட்டுவான், காம்பில் எவனையாவது பிடித்துக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது என்று ஒரு மாதம் புலம்பிவிட்டு, முடிவாகச் சொன்னார்: முதலில் எழுத்து. எழுத்தை முடித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ. மாப்பிள்ளை தேட வேண்டியதில்லை, நான்தான் ஊர் அறிந்த முறை மச்சானாக ஓட்டோவோடு நிற்கிறேனே.

எனக்கு அவளைப் பிடிக்கும். சின்ன வயதில் இருந்தே பிடிக்கும். இதில் மறைக்க என்ன இருக்கிறது. பொது அறிவுப் புத்தகத்தில் இருந்து தலையை எடுக்காமலே அவள் "ஓம்" என்றாள். அந்த ஓம் எனக்கா, தியத்தலாவை ராணுவக் கல்லூரிக்கா என்று நான் விசாரிக்கவில்லை. கிடைத்த ஓமை வைத்துக்கொண்டேன்.

எழுத்து நல்லபடியாக நடந்தது. கிராம சேவகரும் வந்து இரண்டு முறுக்கு கூடுதலாகவே சாப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் படிப்பு தொடங்கியது. அவளுக்கு அல்ல, எனக்கு. ஒபிசராவதற்கு எத்தனை வழி என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? நான் கேட்டுக் கேட்டுப் பொறுக்கினேன். ஏ.எல். முடித்த கையோடு நேராகத் தியத்தலாவை இராணுவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது ஒரு வழி. பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் பட்டத்தோடு சேர்த்துப் பயிற்சி எடுப்பது இன்னொரு வழி, அதற்கு ஏ.எல். பெறுபேறு வானத்தைத் தொட வேண்டும். சிப்பாயாகச் சேர்ந்து மெல்ல மெல்ல ஏறுவது மூன்றாவது. அதற்குத் தக்சிகா ஒரே சொல்லில் மாட்டேன் என்றாள். ஆகவே முதல் வழி. அதற்கும் சும்மா போய் நிற்க முடியாது. ஓட்டம், உயரம், பல், கண், பேச்சு, சிங்களம், முள்ளுக்கரண்டி எல்லாம் பார்ப்பார்களாம். கொழும்புப் பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிக்கூடமே இதையெல்லாம் பழக்கிவிடும். எங்கள் பிள்ளைக்கு நானும் அருமைநாயகம் சேரும்தான்.

அருமைநாயகம் சேர் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடேற் பழக்கி ஓய்வுபெற்ற ஆசிரியர். டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் 'ஒபிசர் வகுப்பு' நடத்துகிறார். பிள்ளைகள் நாலு பேர். கதவைத் தட்டுவது எப்படி, கதிரையில் முதுகு படாமல் இருப்பது எப்படி, தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று நிமிர்ந்து சொல்வது எப்படி என்று ஒரு மாதம். வெறும் பீங்கானில் முள்ளுக்கரண்டியை வைத்து இல்லாத கோழியை வெட்டுவது எப்படி என்று ஒரு கிழமை. அந்தக் கிழமை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பசியே வந்துவிட்டது.

விடியற்காலையில் கடற்கரை வீதியில் அவள் ஓட, நான் பின்னால் ஓட்டோவில் போனில் நேரம் பிடித்துக்கொண்டு போவேன். வகுப்புக்குப் போகிற வழியெல்லாம் சிங்களம். நேர்முகத்தில் கேட்கிற கேள்விகளைச் சேர் எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கு டவுன் சவாரியில் பொறுக்கின சிங்களம் இருந்தது. நான் கேள்வி கேட்பேன், அவள் பின்சீற்றில் இருந்து பதில் சொல்வாள். விவாகமானவரா என்பதும் அதில் ஒரு கேள்வி. "அவிவாஹகயி, சேர்" என்று சொல்ல வேண்டும். திருமணமாகாதவள் என்று அர்த்தம். அவளுக்கு அந்த 'ஹ' வரவே வராது. ஆரையம்பதியில் இருந்து காத்தான்குடி வரைக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டி, சட்டப்படி அவளுடைய புருசனான நானே அதைத் திருத்தித் திருத்திக் கொடுத்தேன். ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. சேர் எழுத்துக்கு வந்து வாழ்த்தினவர், அவருக்கும் ஏறவில்லை.

பத்திரிகையில் விளம்பரம் வந்தது. நான்தான் சத்தமாக வாசித்தேன். வயது. சரி என்றாள். உயரம். சரி. ஏ.எல். மூன்று பாடம். சரி. திருமணமாகாதவராக இருத்தல் வேண்டும். சரி என்றாள். நானும் சரி என்றேன். அடுத்த வரிக்குப் போனோம். முறுக்குச் சாப்பிட்ட கிராம சேவகரும் அவள் திருமணமாகாதவள் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் பொய் எழுதவில்லை. நாளைக்குக் கலியாணம் வைத்தால் அழைப்பிதழ் தனக்கும் வரும் என்று காத்திருக்கிற மனிதர் வேறு எப்படி எழுதுவார்?

அவள் ஓட்டத்தில் தேறினாள். முதல் நேர்முகத்தில் தேறினாள். ஒரு கடைவாய்ப்பல்லை அடைத்துக்கொண்டு வா என்றார்கள், அடைத்துக்கொண்டு போனாள். மருத்துவத்திலும் தேறினாள். வகுப்பில் இருந்து போன நாலு பேரில் அவள் மட்டும்தான் மிஞ்சினாள். இனி வீட்டு விசாரணை ஒன்றுதான் பாக்கி, ஊருக்கு வந்து பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா குஞ்சித்தம்பி வாவியில் பிடித்த பெரிய இறாலையெல்லாம் விற்காமல் மாமி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் இதற்கு முன்பு இறாலை விற்காமல் விட்டதே கிடையாது.

விசாரணைக்கு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்த நேரம் நான் சவாரியோடு ஏறாவூரில் நிற்கிறேன். தக்சிகா வகுப்பில். வீட்டில் மாமி தனியாக.

மாமியை நான் குற்றம் சொல்லப் பார்க்கிறேன், முடியவில்லை. காம்பில் இருந்து வந்தவர்கள் முற்றத்தில் நிற்கிறார்கள். என்ன கேட்கப் போகிறார்களோ, பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கப் போகிறார்களோ. ஆகவே அவருக்குத் தெரிந்த ஒரே காவலை எடுத்து முன்னால் போட்டிருக்கிறார். சோடா ஊற்றிக் கொடுத்து, கதிரை போட்டு, அலுமாரியைத் திறந்து எழுத்துப் படங்கள் இருந்த அல்பத்தை எடுத்து மடியில் வைத்துக் காட்டியிருக்கிறார். "எங்கட புள்ள கேட்பார் இல்லாத புள்ள இல்ல சேர், எழுத்து முடிஞ்ச புள்ள" என்று சொன்னாராம். மாப்பிள்ளை சொந்த அண்ணனின் மகன் என்றும், குடிவெறி இல்லாதவன் என்றும் சொன்னாராம். என் படத்தையும் காட்டினாராம். வந்தவர்கள் இரண்டு பேரும் நல்ல மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது மாமி இதைச் சந்தோசமாகச் சொன்னார். நான் ஓட்டோவில் ஏறி இருந்து ஹான்டிலில் தலையை வைத்துக்கொண்டேன். என்னத்தைச் சொல்ல.

நாலு நாளில் போன் வந்தது. பேசின அதிகாரி தமிழ் ஆள், பண்பாகத்தான் பேசினார். சட்டப்படி விவாகமான ஒருவரை எடுக்க முடியாது என்றார். இது வேண்டுமென்று மறைத்த விசயம் இல்லை என்பது தங்களுக்கும் விளங்குகிறது, கறுப்புப் புள்ளி ஒன்றும் போடவில்லை என்றார். அடுத்த முறைக்குள் சட்டப்படி தனி ஆளாக வந்தால் விண்ணப்பிக்கலாம், சபைதான் பார்த்து முடிவு எடுக்கும், உறுதி தர முடியாது என்றார். அவரில் ஒரு பிழையும் இல்லை. பிழை இல்லாத ஆளோடு சண்டை பிடிக்கவும் முடியாது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அடுத்த முறைதான் தக்சிகாவின் வயதுக்குக் கடைசி முறை.

முதலில் பதிவாளரிடம் போனோம். நாங்கள் ஒரு நாள்கூடக் குடும்பம் நடத்தவில்லை, அந்தப் பதிவை ரத்துச் செய்யுங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, கிழித்துப் போட இது பள்ளிக்கூடக் கொப்பியா என்று கேட்டார். கோட்டில் வழக்குப் போடச் சொன்னார்.

கோட்டு என்றதும் வீடு இரண்டாகியது. அப்பா வலையைத் தூக்கி எறிந்துவிட்டு, கலியாணமே முடியவில்லை, என்ன கோதாரிக்கு டிவோஸ் என்று கேட்டார். மாமி, தாலி கட்டாத பிள்ளைக்கு டிவோஸ் என்றால் ஊர் காறித் துப்பாதா என்று கேட்டார். பாருங்கள் கூத்தை. எழுத்து கலியாணம் இல்லையென்று சொல்லி அவளை அனுப்பினவர்கள் இவர்கள். எழுத்து கலியாணம் இல்லை, அதனால் டிவோஸ் கேட்கவும் முடியாது என்று இப்போது நிற்பவர்களும் இவர்கள். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிப் பேச்சை விட்டார்கள். இறால் வருவதும் நின்றது.

அந்த நாட்களில் நான் மாமி வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தேன். தக்சிகாதான் ஒரு நாள் ஓட்டோ தரிப்பிடத்துக்கே வந்தாள். அக்கம்பக்கத்து ஓட்டோக்காரர் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, என் முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"மச்சான், எனக்கு வேணும்."

"என்ன, டிவோஸா?"

"தியத்தலாவை."

"அதுக்கு டிவோஸ் வேணும்."

"ஓம்."

கொஞ்சம் சுற்றி வளைத்திருக்கலாம். ஒரு துளி கண்ணீர் விட்டிருக்கலாம். ஏறு என்று சொல்லி, அன்றைக்கே டவுனில் லோயர் அகீலாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அகீலா மிஸ் ஏறாவூர் ஆள், என் பழைய சவாரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் கவனித்தேன். பிறகு விளக்கினார். இரண்டு பேரும் விரும்பிப் பிரிகிறோம் என்று சொன்னால் எங்கள் சட்டத்தில் டிவோஸ் கிடையாது. யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். மனைவியை வேண்டுமென்று கைவிட்டுப் போனான் என்பதுதான் உள்ளதில் இலகுவான வழி. அவள் வழக்குப் போடுவாள், எனக்கு அழைப்பாணை வரும், நான் போகக் கூடாது. நான் வராவிட்டால் அவள் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகும். பொய் சொல்லச் சொல்லித் தான் சொல்லவில்லை என்று மிஸ் இரண்டு தரம் சொன்னார். நான் ஒரு நாளாவது அவளோடு வாழ்ந்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அவளை அழைத்துக்கொண்டு போய் வைத்தேனா? இல்லை. அப்ப சரிதானே என்று எழுதத் தொடங்கினார். ஓட்டமும் சிங்களமும் பல்லும் இந்தக் கணக்கில் வராது போலும்.

"துசாந்தன், இனி இந்தப் புள்ளயோட உங்கள ஒருத்தரும் காணக்கூடா. கைவிட்ட ஆள் ஓட்டோல ஏத்தித் திரியிறதா?" என்றார் அவர்.

அழைப்பாணை வந்தது. கோட்டில் இருந்து வந்த பிஸ்கால் ஆள் தரிப்பிடத்தில் வைத்தே அதைத் தந்தார். மனைவியை வன்மத்தோடு கைவிட்டவன் என்று அரசாங்கக் கடதாசியில் என் பெயர். இரவோடு இரவாக ஊருக்குப் பரவி, மறுநாள் மூன்று பெண்கள் என் ஓட்டோவில் ஏறாமல் நடந்து போனார்கள். உண்மையைச் சொல்லவும் முடியாது. சொன்னால் வழக்குக் கெட்டுவிடும். வாயைப் பொத்திக்கொண்டு வன்மமாக இருந்தேன்.

வழக்கு நாளில் காலையிலேயே, பிள்ளையின் பிடிவாதத்துக்கு ஒருவழியாக இறங்கி வந்திருந்த மாமி எனக்குப் போன் எடுத்து ஓட்டோவைக் கொண்டுவரச் சொன்னார். வேறு ஓட்டோவைப் பிடியுங்கள் என்றேன். அப்படியென்றால் தானும் போகவில்லை, பிள்ளையும் போகவில்லை, முன்பின் தெரியாதவனின் ஓட்டோவில் பிள்ளையை இந்தக் காரியத்துக்கு ஏற்றிக்கொண்டு போக ஏலாது என்றார். டிவோஸ் எடுக்கப் போவதற்கும் மாப்பிள்ளைதான் கொண்டுபோய் விட வேண்டும். போனேன். கோட்டுக்கு இரண்டு வீதி தள்ளி இறக்கினேன். ஏன் இங்கே இறக்குகிறாய் என்று மாமி கேட்டார். விளக்கினேன். தலையாட்டினார். உள்ளே போய் விறாந்தையில் நின்ற ஊர்ப் பெண் ஒருத்தியிடம், மருமகன்தான் கொண்டுவந்து விட்டவர் என்று தொடங்கியிருக்கிறார். அகீலா மிஸ் கையில் கிள்ளித்தான் நிறுத்தினாராம்.

நான் வாவிக் கரையில் ஓட்டோவை நிறுத்திவிட்டு இருந்தேன். வழக்குத் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நிமிசம் என்னை நானே ஏசினேன். அவள் ஓடின ஓட்டம் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. வெல்லட்டும் என்று நினைத்தேன். மறுபடியும் தோற்க வேண்டும் என்று வந்தது. மத்தியானம் வரைக்கும் இப்படித்தான்.

இரண்டு பேரும் வந்து ஏறினார்கள். மாமியின் கண் சிவந்திருந்தது. தக்சிகா வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பும் குலையாமல் இருந்தாள். தீர்ப்புக் கிடைத்துவிட்டது, முடிந்த முடிவாக இன்னும் மூன்று மாதம் போகும் என்றாள். உள்ளே என்ன கேட்டார்கள் என்று கேட்டேன்.

"அவர் உம்மைக் கைவிட்டவரா எண்டு கேட்டாங்க. ஓம் எண்டன். மறுகா திரும்பி வந்தவரா எண்டு கேட்டாங்க. இல்ல எண்டன்."

"பயந்தியா?"

"இல்ல மச்சான். டக்கெண்டு வந்திச்சி."

டக்கென்று வந்ததாம். கல்லடிப் பாலம் இறங்கும்போது பின்னால் இருந்து மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இனி நான் உனக்கு ஆரு, மாமி இல்லையா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஓட்டோவை வீதியோரத்தில் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"அப்பாட தங்கச்சி மாமி இல்லாம வேற ஆரு? அதையும் கோட்டில குடுத்திட்டு வந்தீங்களா?"

நான் ஓட்டோவை எடுத்தேன்.

தக்சிகா ஏதாவது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே ஓடினேன். போயிட்டு வாறன், இருங்க மச்சான் என்று ஒரு சொல். அது சும்மா சொல்லாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒபிசரான பிறகும் கலியாணம் முடிக்க மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும், அது லேசில் கிடைக்காது, வருசக்கணக்காகும். இதை அவளுக்கு வாசித்து விளங்கப்படுத்தினதே நான்தான். ஒபிசர் அம்மா ஓட்டோக்காரனைத் தேடித் திரும்பி வருவாள் என்று நம்புகிற அளவுக்கு நான் மடையனும் இல்லை. ஆனாலும் சொன்னால் என்ன? சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? ஆரையம்பதி போனது. தாளங்குடா போனது. புதுக்குடியிருப்பும் போனது.

கிரான்குளத்தில் முன்னுக்குச் சரிந்து என் தோளில் தட்டினாள்.

"மச்சான், அடுத்த விளம்பரம் எப்ப வரும்?"

தை மாதம் வரும் என்றேன். அப்போது அவளுடைய வயது எல்லைக்குள் வருமா என்றும் நான் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். வரும் என்று அதையும் சொன்னேன்.